படத்துக்கு முகம் கொடுக்காத அம்பலவாணர்

இத்தாலியின் பலெர்மோ நகரில் பல்கலைக்கழக விடுதி ஒன்றின் நிலவறையில் ஒருகாலத்தில் போலிங் விளையாடினார்கள் என்று இன்றைய மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அங்கே இப்போது இருப்பது வாசிப்பறை. வரிசையாக மேசைகள், குழல்விளக்குகள், ஒருவர் இருமினால் நாற்பது பேர் திரும்பிப் பார்க்கிற அமைதி. ஆனால் தொண்ணூறுக்கு முன் அங்கே படித்து, இப்போது வக்கீலாகவும் பல் வைத்தியராகவும் பொலிதேயாமா என்கிற பணக்காரத் தெருப்பக்கம் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் போதும், அந்த நாலு மரப்பாதைகளின் கதை தொடங்கிவிடும். பலகைக்குப் பூசிய மெழுகின் மணம், முன்னே போட்டவனின் வியர்வை காயாத வாடகைச் சப்பாத்து, கரும்பலகையில் சோக்கால் எழுதிய புள்ளிகள் என்று அடுக்குவார்கள். பந்து உருண்டு போய்ப் பத்துக் கட்டைகளையும் ஒரே அடியில் வீழ்த்தினால் பின்னாலிருந்து 'டக் டக்' என்று இரண்டு தட்டு வருமே, அதைச் சொல்லும்போது சிலருக்குக் குரல்கூடக் கம்மும்.

தட்டியது யார் என்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. மிச்சப்பேர், "யாரோ ஒரு இந்தியன்" என்பார்கள். அடப் பாவிகளே! அவர் இந்தியரும் இல்லை, யாரோவும் இல்லை. யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவு அம்பலவாணர், முப்பத்தெட்டு வயது, ஊரில் சங்கக் கடைக்கு மனேச்சராக இருந்தவர்.

கட்டைகளை நிமிர்த்துகிற இயந்திரம் அங்கே எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டது. அதைத் திருத்துவதைவிட ஒரு மனிதரைப் பிடித்து இருத்துவது மலிவு என்று குத்தகைக்காரக் கிழவர் கண்டுபிடித்தார். எண்பத்தொன்பது ஒக்ரோபரில் அம்பலவாணர் அந்த மனிதரானார். பாதைகளின் கடைசியில் ஒரு கறுப்புப் பலகை மறைப்பு. அதன் பின்னால் உயரத்தில் ஒரு வாங்கு. அதில் காலைத் தூக்கிக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். பந்து வந்து மோதும், கட்டைகள் நாலு பக்கமும் பறக்கும். உடனே குதித்து, பந்தைத் திரும்பிப் போகிற சரிவில் ஏற்றிவிட்டு, பத்துக் கட்டையையும் அவற்றின் புள்ளிகளில் நிறுத்திவிட்டு, அடுத்த பந்து வருவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். முதல் இரண்டு கிழமையும் ஒவ்வொரு மோதலுக்கும் அவருக்குக் குலைநடுங்கியது. ஊரில் அந்தச் சத்தத்துக்கு வேறு பொருள். பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டுமா, பிடித்தும்விட்டது. முழு அடி விழுந்தால் இரண்டு தட்டுத் தட்டுகிற வழக்கத்தை அவராகத்தான் தொடக்கினார். யாரும் கேட்கவில்லை. ஏதோ ஒரு சந்தோசம், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது அந்த மறைப்பு. அவரிடம் இந்த நாட்டில் இருப்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பல்லரோச் சந்தைக்கு மேல் அறை. அந்த அறையில் அவரோடு இருந்த இராஜநாயகம் நாலு வருடம் முன்னதாக வந்தவர், ஒரு சிஞ்ஞோரா, அதாவது பணக்கார அம்மா, வீட்டில் சமைக்கிறவர், சட்டம் முழுவதையும் கரைத்துக் குடித்ததாக அவருக்கே ஒரு நினைப்பு.

"நிலத்துக்குக் கீழை வேலை, ஆள் முகம் தெரியாது. கடவுள் தந்தது தம்பி," என்றார் இராஜநாயகம். "இஞ்சை பேரைச் சொல்லாதை, கையெழுத்து வையாதை, ஆரும் படம் பிடிக்க விடாதை. பேர் இல்லாதவனை ஆர் பிளேனிலை ஏத்தித் திருப்பி அனுப்பிறது?"

படம் பற்றி அவர் சொல்லியிருக்கவே தேவையில்லை. எண்பத்தெட்டில் ஊரில் ஒரு கலியாண வீட்டுப் படத்தை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். யாருடைய ஆட்கள் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த கிழமை அந்தப் படத்தில் நின்ற ஆண்களை வீடு வீடாக வந்து கேட்டார்கள். அம்பலவாணரின் தம்பி நகுலேஸ்வரன் இரண்டாம் வரிசையில், மாப்பிள்ளையின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தபடி நின்றவன். எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் எண்பத்தொன்பதில் அவனுக்கு இருபத்தாறு வயது ஆகியிருக்கும். அன்றிலிருந்து கமெராவைக் கண்டால் அம்பலவாணரின் உடம்பு தானாகவே குனியும்.

அந்த விடுதியிலோ அகஸ்ரீனா என்று ஒரு பெண் இருந்தாள். கட்டடக்கலை மாணவி. கழுத்தில் தாலிபோல எந்நேரமும் கமெரா தொங்கும். நவம்பரில் ஒருநாள் பக்கக் கதவால் மறைப்புக்குப் பின்னால் நுழைந்தாள். அம்பலவாணர் கடைசிக் கட்டையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். 'கிளிக்'.

அவருக்கு என்ன வந்தது என்று அவருக்கே தெரியாது. கமெராவின் வாரைப் பிடித்து இழுத்தார். "நோ! நோ!" என்று கத்தினார், பிறகு தமிழில் கத்தினார். அந்தப் பெண் முதலில் வெளிறிப் போனாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். கமெராவின் முதுகைத் திறந்து, படச்சுருளை முழுவதுமாக வெளியே உருவி, படமெல்லாம் அழிந்துபோக விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"போச்சு," என்றாள். "ஒண்டும் மிஞ்சேல்லை. சத்தியம்."

அதற்குப் பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். மரப்பாதைப் பக்கம் கமெராவைத் திருப்பும்போதெல்லாம், அமுக்க முன், அவரிடம் கேட்டுப் பிடுங்கிய அரைப் பெயரால் "அம்பா!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அம்பலவாணர் கட்டைகளுக்கு மேல் குனிந்துவிடுவார். பிறகுதான் 'கிளிக்'. அது மற்ற மாணவர்களுக்கும் தொற்றிவிட்டது. யார் கமெராவைத் தூக்கினாலும் கூட்டமாக "அம்பா!" என்பார்கள், அவர் குனிவார், எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் குனிந்தபடி சிரிப்பார். ஊரை விட்டு வந்தபின் அவர் சிரித்தது அங்கேதான்.

தொண்ணூறு பெப்ரவரியில் விடுதி நிர்வாகம் போலிங்கை மூடியது. பலகைகளைக் கழற்றி அறுத்துப் புத்தகத் தட்டு செய்தார்கள். அம்பலவாணருக்குச் செத்த வீடு போல இருந்தது. ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. அதே மாதக் கடைசியில் புதிய சட்டம் வந்தது. எண்பத்தொன்பது டிசம்பர் முடிய முன் இந்த நாட்டுக்குள் இருந்தவர்களுக்கு பெர்மெஸ்ஸோ, அதாவது இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், கிடைக்கும். அது கிடைத்தால் மனைவி பிள்ளையைக் கூப்பிடலாம். விண்ணப்பிக்க யூன் முடிவுவரை தவணை. ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: டிசம்பருக்கு முன் இங்கே இருந்ததற்கு ஓர் அத்தாட்சி.

அவனவன் அறையைக் கிளறத் தொடங்கினான். மருந்துத் துண்டு, தபால் முத்திரை விழுந்த கடித உறை, காசனுப்பிய பற்றுச்சீட்டு. பக்கத்து அறைக் கஜானன் பஸ்ஸில் ரிக்கற் எடுக்காமல் பிடிபட்டவன். எண்பத்தொன்பது திகதி போட்ட அந்தத் தண்டத் துண்டைப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டான். களவாகப் பஸ் ஏறியவனுக்குக் கதி பிறந்துவிட்டது. ஒழுங்காக ரிக்கற் எடுத்துப் போன அம்பலவாணரிடம் ஒரு மண்ணும் இல்லை. மனைவியின் கடிதங்கள்கூட இராஜநாயகத்தின் பெயருக்குத்தான் வந்தன, வாசித்ததும் எரித்துவிடுவார்.

"ஒரு படம்கூட இல்லையோ?" இராஜநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். "உலகத்திலை உன்னைப்போல விசரன் இல்லை!"

"நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்?"

"நான் ஆயிரம் சொல்லுவன். அதுக்கு? சொல்லுறதெல்லாத்தையும் கேக்கிறதோ?"

குத்தகைக்காரக் கிழவரைத் தேடிப் போனார். கிழவர் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, உன்னை நான் கண்டதே இல்லை என்றார். பதியாமல் வேலைக்கு வைத்தது வெளியே வந்தால் தன் கழுத்துக்குக் கத்தி என்று அவருக்குப் பயம். தேவாலயத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற பெண், வாய்ச்சாட்சி காணாது, திகதி போட்ட ஏதாவது கொண்டு வா என்றாள். மார்ச் போயிற்று, சித்திரை போயிற்று, வைகாசியும் போயிற்று.

யூன் நடுவில் ஊரில் மறுபடி சண்டை மூண்டது. மனைவி ஞானம்பிகை அதற்கு முதல் மாதம்தான் மகள் சுலக்சனாவோடு கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கியிருந்தாள். தவணைக்கு எட்டு நாள் இருக்கையில் தொலைபேசியில் பிடித்தார்.

"இஞ்சருங்கோ," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இஞ்சை பொலிசுக்காரர் லொட்ஜ் லொட்ஜா வந்து பாக்கினம். நேற்று மேல்மாடியிலை மூண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போட்டினம். பிள்ளை ராவிலை எழும்பி எழும்பி இருக்குது. ஊருக்கும் திரும்ப ஏலாது, பாதை பூட்டு. நீங்கள் வா எண்டு சொன்னால் வாறம். இல்லையெண்டால் அதையாவது சொல்லுங்கோ."

"வாறியள். கொஞ்சம் பொறு," என்றார் அம்பலவாணர். வைத்துவிட்டுத் தொலைபேசிக் கூண்டுக்குள்ளேயே நின்றார். பொறு என்று சொல்ல அவரிடம் என்ன இருந்தது? ஒன்றுமில்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நவம்பரில் எடுத்த அந்தப் படம். அவருடைய முழு முகம். பின்னால், பாதையின் மறுமுனைக் கரும்பலகையில் அன்றைய ஆட்டத்தின் திகதி. படச்சுருளை உருவினாள்தான். ஆனால் அவள் கெட்டிக்காரி. அவர் கத்திக்கொண்டு நின்ற நேரத்தில் சுருளை மாற்றிவிட்டு வெற்றுச் சுருளை உருவிக் காட்டியிருந்தால்? இளம் பிள்ளைகள், நல்ல படமொன்றை இலேசில் விடுவார்களா? பாவம் அந்த மனிதர்! உலகத்தில் எல்லோரும் தமக்கு யாரும் பொய் சொல்லக் கூடாது என்று நேர்வார்கள். இவர் பல்லரோவிலிருந்து விடுதிவரை நடந்த வழியெல்லாம், 'பிள்ளையாரப்பா, அந்தப் பெட்டை எனக்குப் பொய் சொல்லியிருக்க வேணும்' என்று நேர்ந்துகொண்டே போனார்.

அகஸ்ரீனா நிலவறை வாசிப்பறையில்தான் இருந்தாள். அவரைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்து வெளியே படிக்கட்டுக்குக் கூட்டிப் போனாள். போலிங் நினைவாக விடுதிச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் படம் சேர்த்திருந்தாள். இதைப் பார், அதைப் பார் என்று அவர் மடியில் கொட்டினாள். அவருடைய கைகள் படங்களைச் சீட்டுக் கட்டுப்போலத் தள்ளின. எல்லாவற்றிலும் அவர் இருந்தார். ஒன்றில் குதிக்கால். ஒன்றில் முழங்கை. ஒன்றில் கட்டையைப் பிடித்த இரண்டு விரல். மற்றதிலெல்லாம் குனிந்த முதுகு. முகம் ஒன்றிலும் இல்லை.

"அந்தப் படம்," என்றார் தமக்குத் தெரிந்த இத்தாலியனில். "நான் கத்தினேனே, அந்தப் படம். நீங்கள் அழிக்கவில்லைத்தானே? பொய்க்குத்தானே சொன்னீங்கள்? சொல்லுங்கோ, நான் கோபிக்கமாட்டேன்."

அவள் முகம் சிவந்தது. அவளுக்கு அவமானமாகிவிட்டது. "நான் உங்களுக்குச் சத்தியம் செய்தனான் அம்பா. நான் அப்பிடிப்பட்டவள் இல்லை. எல்லாம் போச்சு, முழுச் சுருளும்."

நேர்மையான பிள்ளை. நல்லாயிரு. அம்பலவாணர் படியில் இருந்துவிட்டார். கண்ணால் நீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. லொட்ஜ், மேல்மாடி, யூன் முடிவு என்று கிடைத்த சொற்களையெல்லாம் போட்டுச் சொன்னார். அவள் பாதியில் விளங்கிக்கொண்டாள். பெட்டியின் அடியைக் கிளறி ஒரு மடித்த தாளை எடுத்தாள். விடுதி மாதாமாதம் அச்சடிக்கிற மடல். தலைப்பில் 'டிசம்பர் 1989'. மூலையில் விடுதியின் முத்திரை. உள்ளே போட்டியில் வென்றவர்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், பாதையின் கடைசியில், கட்டைகளுக்கு மேல் ஒருவர் குனிந்து நிற்கிறார்.

"இது நீங்கள்."

"முதுகு," என்றார் அம்பலவாணர். "முதுகு எல்லாருக்கும் இருக்கு."

"இப்பிடி ஒண்டு எல்லாருக்கும் இல்லை." அவள் சுட்டுவிரலை அவருடைய பிடரியில், மயிர் தொடங்குகிற இடத்துக்குக் கீழே வைத்தாள். "இஞ்சை உங்களுக்கு ஒரு பிறை இருக்கு. பக்கத்திலை ரெண்டு புள்ளி. தெரியாதோ? நாலு மாதமா நான் உங்கடை பிடரியைத்தானே பாத்தனான்!"

அவருக்குத் தெரியாது. எண்பத்தேழில் ஊரில் எறிகணைச் செல் விழுந்தபோது பிடரியில் மூன்று சிதறல் புகுந்தது தெரியும். ஞானம்பிகை ஒன்றரை மாதம் மருந்து கட்டியதும் தெரியும். ஆனால் அது ஆறி என்ன வடிவத்தில் நிற்கிறது என்று அவர் ஒருநாளும் கண்டதில்லை. தன் பிடரியைத் தானே கண்டவன் யார்? அகஸ்ரீனா தான் எடுத்த அந்தப் படத்தை அன்றே பெரிதாகக் கழுவி எடுத்தாள். கமெராவின் மின்வெளிச்சம் நேரே அந்த இடத்தில்தான் விழுந்திருந்தது, பிறையும் புள்ளிகளும் தெளிவாகத் தெரிந்தன.

குவெஸ்தூராவில், அதாவது விண்ணப்பங்களை வாங்குகிற காவல் அலுவலகத்தில், தவணைக்கு மூன்று நாள் இருக்கையில் உள்ளே விட்டார்கள். விடியப்புறமே வரிசையில் நின்று அம்பலவாணரின் வாய் உலர்ந்து போயிருந்தது. அகஸ்ரீனா பக்கத்தில் நின்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் சீருடைக்காரன், இடுப்பில் துவக்கு. அவன் மடலைப் பார்த்தான், பெரிய படத்தைப் பார்த்தான், அம்பலவாணரைப் பார்த்தான்.

"இதில் முகம் எங்கே?"

"இவர் முகம் காட்டமாட்டார்," என்றாள் அகஸ்ரீனா. பெட்டியைத் திறந்து மிச்சப் படங்களையும் மேசையில் பரப்பினாள். "இருபத்தேழு படம் இருக்கு, எண்ணிப் பாருங்கோ. இருபத்தேழிலும் ஒளிக்கிறார். இந்த ஊரிலே வேறு யார் இப்படி ஒளிக்கிறது? பத்திரம் உள்ளவன் ஒளிப்பானா?"

அவனுக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, மீசை ஒருமுறை அசைந்தது. பெரிய படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"திரும்பு," என்றான். "தலையைக் குனி."

இந்த இரண்டு கட்டளைகளையும் அம்பலவாணர் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறார், வேறு மொழியில், ஊரில், வேலி ஓட்டைக்குள்ளால். ஒழுங்கை முகப்பில் தம்பி நகுலேஸ்வரன் திரும்பினான். குனிந்தான். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்காமலிருக்க அவர் கண்ணை மூடினார். காதை மூடக் கை வரவில்லை. ஞானம்பிகை பக்கத்தில் நின்று அவருடைய வாயைப் பொத்திப் பிடித்திருந்தாள்.

ஓடு என்றது உடம்பு. கதவு ஆறடியில் இருந்தது. ஓடினால் எல்லாம் முடியும். லொட்ஜில் இருக்கிற இரண்டு உயிரும் அங்கேயே கிடக்கும். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பினார். தலையைக் குனிந்தார். சட்டைக் கழுத்தைத் தாமே இழுத்து இறக்கிவிட்டார். பின்னால் சப்பாத்து ஓரடி கிட்ட வந்தது. தோல்வார் கிறீச்சிட்டது. காகிதம் சரசரத்தது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அவர் 'பிள்ளை, பிள்ளை' என்று மட்டும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு நின்றார்.

ஒரு விரல் பிடரியைத் தொட்டது. பிறையைத் தொட்டது, பிறகு ஒரு புள்ளி, மற்றப் புள்ளி.

"ஓம், இவன்தான்," என்றான் சீருடைக்காரன். சப்பாத்து மேசைக்குத் திரும்பிப் போனது.

அம்பலவாணர் திரும்பவில்லை. முடிந்துவிட்டது என்று அகஸ்ரீனா சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை. அவள் தோளைப் பிடித்து மெல்லத் திருப்ப வேண்டியிருந்தது. அவன் விண்ணப்பத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தான். நெற்றியில் பரு. இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும், நகருங்கள் என்று கையை வீசினான்.

தெருவுக்கு வந்ததும் அவர் முதலில் தேடியது தொலைபேசிக் கூண்டை. லொட்ஜ்காரன் ஞானம்பிகையைக் கூட்டிவர நெடுநேரம் எடுத்தது.

"தந்திட்டாங்கள்," என்றார். "பதிஞ்சாச்சு. கெதியிலை கூப்பிடுவன். பிள்ளையிட்டைச் சொல்லு."

"உண்மையாவோ? ஐயோ முருகா!" என்றாள். பிறகு, "உங்கடை குரல் ஏன் உப்பிடிக் கிடக்குது? அடிச்சவையோ?"

"இல்லை, அடிக்கேல்லை. நீ மருந்து கட்டின அடையாளத்தைத்தான் பாத்தவங்கள். திரும்பி நிண்டு குனியச் சொன்னவங்கள்."

அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவர் பயந்துபோனார்.

"நீங்கள்," என்றாள் ஞானம்பிகை கடைசியில், "திரும்பி நிண்டனீங்களோ?"

"ஓம்."

அதற்குமேல் இருவராலும் கதைக்க முடியவில்லை. போட்ட காசு முடிந்து இணைப்பு அறும்வரைக்கும் அழுதுகொண்டே நின்றார்கள்.